ஏரிக்குள் இருந்த கோடை

2014 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை காலையில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தின் நடுவே உயரமான கட்டடங்களில் இருந்தவர்களுக்குத் தலைக்கு மேல் நீலவானம் தெரிந்தது. தெற்குப் பக்கச் சன்னலுக்குப் போனவர்களுக்கு வானமே தெரியவில்லை. ஈரி ஏரியின் மேல் எழுந்த ஒரு வெள்ளைச் சுவர், நீர்மட்டத்திலிருந்து மேகம்வரை நிமிர்ந்து நின்று, கரையேறி, கிழக்கே புறநகர்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. அன்று எடுத்த படங்களைப் பார்த்தால் அதன் விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருந்தது என்று தெரியும். முன்னால் வெயிலில் நிற்கும் வீடுகள், மரங்கள், விளக்குக் கம்பங்கள். அவற்றுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. அந்தச் சுவருக்குள் மணிக்குப் பத்து செ.மீ.க்கும் மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இடியும் இடித்தது, மின்னலும் வெட்டியது.

நயாகரா பார்க்கப் போகிற தமிழ்க் குடும்பங்களுக்கு பஃபலோ ஒரு வழியூர். விமானம் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, முப்பது கிலோமீட்டர் வடக்கே போய்விடுவார்கள். விமான நிலையம் இருப்பது நகரத்தில் அல்ல, சீக்டோவாகா என்ற புறநகரில். அதற்குத் தெற்கிலும் கிழக்கிலும் வெஸ்ட் செனகா, லங்காஸ்டர், ஆர்ச்சர்ட் பார்க், ஹாம்பர்க். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேகமாக வளர்ந்த ஊர்கள் இவை. தனித்தனி வீடு, முன்னால் புல்தரை, பக்கத்தில் கார் நிறுத்தும் கொட்டகை, அதிலிருந்து தெருவுக்கு ஒரு தார்ப்பாதை. பால் வாங்கவும் கார், பள்ளிக்கும் கார், டாக்டரிடம் போகவும் கார். இந்த வசதியெல்லாம் அந்தச் சிறு தார்ப்பாதை திறந்திருக்கும் என்ற ஒரே நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. அந்த நவம்பர் வாரத்தில் மூடிக்கொண்டது அந்தப் பாதைதான்.

பனி என்றால் குளிர் என்றுதான் நாம் நினைக்கிறோம். குளிர் முற்ற முற்றப் பனி கூடும், நடுக்குளிர்காலத்தில்தான் அதிகம் கொட்டும் என்பது வெளியூர்க்காரர்களின் கணக்கு. ஈரி ஏரிக்கரையில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே பனியைத் தயாரிப்பது சூடு.

ஐந்து பெரிய ஏரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது. சராசரி ஆழம் 19 மீட்டர், அவ்வளவுதான். ஆழமில்லாத நீர் சீக்கிரம் சூடாகும். ஆகஸ்டில் அதன் மேல்மட்டம் 23 டிகிரி செல்சியஸை எட்டிவிடும், மக்கள் இறங்கிக் குளிப்பார்கள். செப்டம்பர் போய், அக்டோபர் போய், மரங்கள் இலையுதிர்த்து, தரை குளிர்ந்துவிட்ட பிறகும் ஏரி கோடையை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. 2014 நவம்பர் நடுவில் பஃபலோ அருகே நீரின் வெப்பம் சுமார் 9 டிகிரி. கையை விட்டால் விறைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே வந்து சேர்ந்த காற்று மைனஸ் 15 டிகிரியை ஒட்டி இருந்தது. இரண்டுக்கும் இடையே 13 டிகிரி வித்தியாசம் இருந்தாலே ஏரிப்பனிக்குப் போதும் என்பது வானிலையாளர்களின் கைக்கணக்கு. அன்று இருந்தது 24 டிகிரி.

சுடுசோற்றிலிருந்து ஆவி எழுவதைப்போல ஏரி முழுக்க ஆவி எழும். மேலே குளிர்ந்த கனத்த காற்று, கீழே சூடான ஈரக் காற்று. கீழே இருப்பது மேலே ஏறாமல் இருக்க முடியாது. ஏறும்போது குளிர்ந்து, மேகமாகி, பனித்துகளாகிறது. ஆவி பனியாக மாறும்போது வெளியாகும் வெப்பம் அந்தக் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. ஏரியின் நீளம் 388 கிலோமீட்டர். மேற்குத் தென்மேற்கிலிருந்து கிழக்கு வடகிழக்காகப் படுத்திருக்கிறது. காற்றும் அதே திசையில் வீசினால், குறுக்கே கடக்காமல், ஏரியின் முழு நீளத்துக்கும் ஆவியை வாங்கிக்கொண்டே வரும். இரு கரைகளிலும் தரை ஏரியைவிடக் குளிர்ந்து கிடப்பதால், கனடாப் பக்கத்திலிருந்தும் அமெரிக்கப் பக்கத்திலிருந்தும் மெல்லிய தரைக்காற்று ஏரியின் நடுவை நோக்கிப் போகும். இரண்டும் முட்டுகிற கோட்டில் மேகங்கள் நெருக்கிப் பிடிக்கப்பட்டு ஒரே பட்டையாகும். அகலம் பதினைந்து, இருபது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஏரியின் கிழக்கு முனையில் அந்தப் பட்டை எங்கே கரையேறுகிறதோ அங்கே கொட்டும். காற்றின் திசை சில பாகை திரும்பினால் பட்டையும் திரும்பும். திரும்பாவிட்டால், மாட்டிக்கொண்ட ஊர் மாட்டிக்கொண்டதுதான்.

அந்தக் குளிர்காற்று எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு நீளமான கதை. அக்டோபர் கடைசி நாளில் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, பசிபிக்கில், நூரி என்ற புயல் உருவானது. பெரும் சூறாவளியாக வலுத்து, ஜப்பானைத் தொடாமல் வடக்கே திரும்பி, வெப்பமண்டலப் புயலுக்குரிய குணங்களை இழந்து, நவம்பர் 8 அளவில் அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் ஒரு மாபெரும் தாழ்வழுத்தமாக மறுபிறவி எடுத்தது. காற்றழுத்தம் 924 ஹெக்டோபாஸ்கல்வரை இறங்கியது. அந்தக் கடல் கண்ட மிக ஆழமான புயல்களில் அது ஒன்று. மேல்வானத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் வேகக்காற்றின் பாதை அதனால் வளைந்து நெளிந்தது. வளைவின் ஒரு பக்கமாக ஆர்க்டிக் காற்று அமெரிக்காவின் நடுப்பகுதிக்கும் கிழக்குக்கும் சரிந்து இறங்கியது. நவம்பர் 18 அன்று ஹவாய் மலையுச்சி உட்பட ஐம்பது மாநிலங்களிலும் எங்காவது ஓரிடத்தில் வெப்பம் உறைநிலைக்குப் போனது. வெப்பமண்டலக் கடலில் பிறந்த ஒரு புயலும், ஒரு ஆழமில்லாத ஏரி சேர்த்துவைத்த கோடையும் சேர்ந்துதான் லங்காஸ்டரின் தெருக்களை மூடின.

திங்கள் 17ஆம் தேதி இரவு பனி தொடங்கியது. எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. அடிக்கணக்கில் விழும் என்றே தேசிய வானிலைச் சேவை சொல்லியிருந்தது. இந்த ஊர்க்காரர்கள் பனிக்குப் புதியவர்களும் அல்ல. பஃபலோவில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக எட்டடி அளவுக்குப் பனி விழும். ஆனால் அது நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை, கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே உருகி, தள்ளப்பட்டு, மீண்டும் விழுகிற எட்டடி. செவ்வாய் முழுக்கப் பட்டை அசையவில்லை. புதன் கொஞ்சம் விலகி மூச்சுவிட இடம் கொடுத்தது. வியாழன் மறுபடி வந்தது. வெள்ளி 21ஆம் தேதி ஓய்ந்தபோது சில இடங்களில் விழுந்திருந்தது ஏழடி. கிழக்கே கோல்ஸ்வில் என்ற சிற்றூரில் இரு சுற்றுகளும் சேர்ந்து 88 அங்குலம், அதாவது இரண்டேகால் மீட்டர். நகரத்தின் வடபகுதியில் சில அங்குலங்கள்தான். அங்கே மக்கள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள்.

பஃபலோவின் அதிகாரபூர்வப் பனிக்கணக்கு விமான நிலையத்தில் எடுக்கப்படுகிறது. அந்த நிலையம் பட்டையின் வடக்கு ஓரத்தில் இருந்தது. அங்கே பதிவான அளவைச் சில கிலோமீட்டர் தெற்கே மூழ்கிக் கிடந்த வீடுகளோடு ஒப்பிடவே முடியாது. ஆவணத்தில் பஃபலோவுக்கு அந்த வாரம் ஓரளவுக்குப் பனி விழுந்த வாரம். வெஸ்ட் செனகாக்காரர் ஒருவர் இந்தப் பதிவேட்டைப் புரட்டினால் தான் வாழ்ந்த வாரத்தை அதில் கண்டுபிடிக்க மாட்டார். ஓர் ஊரின் பெயரில் ஒரே எண்ணை எழுதிவைக்கும் வழக்கம் இப்படிப்பட்ட வானிலைக்கு எவ்வளவு குறைவு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் உதாரணம் கிடைப்பது கடினம்.

உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி இருந்தது?

அந்தப் பக்கத்து வீடுகளுக்கு வாசலில் இரண்டு கதவுகள் இருக்கும். உள்கதவு உள்ளே திறக்கும். மழை, காற்று தடுக்க வைத்திருக்கும் கண்ணாடி வெளிக்கதவு வெளியே திறக்கும். வெளிக்கதவு திறக்கவில்லை. அது இல்லாத வாசல்களில், உள்கதவை இழுத்தவர்களுக்கு முன்னால் நெஞ்சுயரத்துக்கோ அதற்கும் மேலோ ஒரு வெள்ளைப் பரப்பு செங்குத்தாக நின்றது. கதவின் செதுக்குச் சட்டங்கள், கைப்பிடிக் குழி, எல்லாம் அச்செடுத்ததுபோல அந்தப் பனியில் பதிந்திருந்தன. காற்று பனியை வெறுமனே கொட்டவில்லை, கதவோடு அழுத்தி அழுத்திச் சாத்தியிருந்தது. சிலர் அந்தச் சுவரைக் குடைந்து குடிபான பாட்டில்களைச் செருகிவைத்துப் படமெடுத்தார்கள். அந்தப் படங்கள் உலகமெல்லாம் போயின. அவை எடுக்கப்பட்ட அதே மணி நேரத்தில் வேறு சில வீடுகளில் கூரைச் சட்டம் முனகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

தார்ப்பாதைக்கு வருவோம். பதினைந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் பனி என்பது 112 கன மீட்டர். புதுப்பனி ஒரு கன மீட்டர் சுமார் நூறு கிலோ இருக்கும். ஆகப் பதினொரு டன்னுக்கு மேல். அதை ஒருவர் மண்வாரியால் அள்ளி அள்ளி ஓரத்தில் போட வேண்டும். முதல் அரை மணி நேரம் சுலபம்தான். பிறகு ஓரம் உயர்ந்துவிடும். ஒவ்வொரு அள்ளலையும் தோளுக்கு மேலே, பிறகு தலைக்கு மேலே தூக்கி வீச வேண்டியிருக்கும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும், கைகளை மேலே தூக்கிச் செய்யும் வேலை இதயத்துக்குக் கூடுதல் சுமை, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும். ஐம்பது, அறுபது வயதில், ஆண்டு முழுக்க உட்கார்ந்து வேலை செய்தவர் நவம்பர் மூன்றாவது வாரத்தில் திடீரென்று இந்த வேலையில் இறங்குகிறார். குளிர்காலத்தின் தொடக்கம் ஆபத்தானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உடம்பு இன்னும் அக்டோபரில்தான் இருக்கிறது.

அந்த வாரத்தில் குறைந்தது 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் மாரடைப்பில் போனவர்கள்; பனி அள்ளும்போது, அல்லது சிக்கிய காரைத் தள்ளும்போது. புதைந்த காருக்குள் கண்டெடுக்கப்பட்டவரும் உண்டு. யாரோ மலையேறப் போய்ச் செத்தார்கள், துருவப் பயணத்தில் தொலைந்தார்கள் என்பதல்ல இது. மண்வாரியும் காரும் அவர்களுடைய வீட்டுச் சாமான்கள்.

அந்த வீட்டுச் சாமான்களில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டைச் சூடாக்கும் அங்குள்ள புதுவகை ஃபர்னஸ்களின் புகை கூரை வழியே போவதில்லை. பக்கச் சுவரில், தரையிலிருந்து முட்டளவு உயரத்தில், இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்று உள்ளே வர, மற்றது புகை வெளியேற. வீட்டைச் சுற்றி வந்தாலும் கவனிக்கத் தோன்றாத இடத்தில் இருக்கும். இரண்டடிப் பனி போதும், அவை மூடிக்கொள்ள. நல்லபடியாக நடந்தால் ஃபர்னஸ் தானாகவே நின்றுவிடும், வீடு குளிரும். நடக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதனால் அந்த ஊர்களில் விவரம் தெரிந்தவர்கள் காருக்குப் பாதை வெட்டுவதற்கு முன்னால் அந்தக் குழாய்களைத் தேடிப் போவார்கள். வாசல் திறக்காவிட்டால் சன்னல் வழியாக இறங்கி, இடுப்பளவு பனியில் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து, இருக்குமிடத்தைக் குத்துமதிப்பாகக் கண்டு கையால் தோண்டுவார்கள். நாமும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் போனில் ஸ்வெட்டர் போட்டாயா என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி இந்தக் குழாயைப் பற்றியது.

நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. நியூயார்க் மாநிலச் சுங்கச்சாலை அந்தப் பட்டையின் குறுக்கே போகிறது. வெயிலில் ஓட்டிக்கொண்டு வருகிறவர் சில நிமிடங்களில் எதுவும் தெரியாத வெண்மைக்குள் நுழைந்துவிடுவார். நின்றுவிட்டால் பின்னால் வருகிறவரும் நிற்க வேண்டியதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் சிக்கின. ராச்செஸ்டர் பக்கத்திலிருந்து பென்சில்வேனியா எல்லைவரை 132 மைல் நீளத்துக்குச் சாலை மூடப்பட்டது. மூடுவதற்குமுன் உள்ளே போனவர்களில் நயாகரா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியும் ஒன்று. பிட்ஸ்பர்கில் ஆடிவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட முப்பது மணி நேரம் அந்தப் பேருந்திலேயே கிடந்தார்கள். அவர்களுடைய கல்லூரி பஃபலோவுக்கு வடக்கே, பனி இல்லாத பக்கத்தில். சாலையை இன்னும் முன்கூட்டியே மூடியிருக்கக் கூடாதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான்.

ஆர்ச்சர்ட் பார்க்கில் இருந்த அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தைப் பற்றி உலகம் நிறையவே எழுதிவிட்டது. உள்ளே இரண்டு லட்சத்து இருபதாயிரம் டன் பனி என்று நிர்வாகம் மதிப்பிட்டது. அள்ள வருகிறவர்களுக்கு மணிக்குப் பத்து டாலரும் ஆட்டத்துக்கு டிக்கெட்டும் தருவதாக அறிவித்தார்கள். கடைசியில் அள்ள முடியாமல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் திங்களுக்குத் தள்ளிப்போய், டெட்ராய்ட்டுக்கு மாறியது. வீட்டிலேயே சிக்கிக்கிடந்த ஆட்டக்காரர்களைப் பனிஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பஃபலோ அணியினர் நியூயார்க் ஜெட்ஸை 38க்கு 3 என்று வென்றார்கள்; ஒரு வாரமாக வெளியே வராத புறநகர்களுக்கு அது பெரிய சந்தோஷம்.

ஆளுநர் ஆண்ட்ரூ கூமோ அவசரநிலை அறிவித்தார். தேசியக் காவல்படை வந்தது. வழக்கமாகப் பனியைத் தள்ளிக்கொண்டு போகும் லாரிகளால் இங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓரடிப் பனியை ஓரத்துக்குத் தள்ளலாம். ஐந்தடிப் பனியைத் தள்ள ஓரம் ஏது? பொக்லைன் வகை வண்டிகளால் வாரி, டிப்பர் லாரிகளில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தெருவும் ஒரு சுரங்க வேலை. தெருக்கள் திறக்கும்வரை பனிஸ்கூட்டர் வைத்திருந்தவர்களே ஊரின் தபால்காரர்கள், மருந்துக்கடைக்காரர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள். பிரசவ வலியோடு மருத்துவமனைக்குக் கிளம்பிப் போய்ச்சேர முடியாத ஒரு பெண்ணுக்கு வழியில் தீயணைப்பு நிலையத்திலேயே பெண் குழந்தை பிறந்தது.

சனிக்கிழமை வானம் தெளிந்தது. எல்லாரும் அஞ்சத் தொடங்கியது அப்போதுதான். ஞாயிறும் திங்களும் சூடு ஏறும், மழையும் வரும் என்றது முன்னறிவிப்பு. கூரைமேலும் தெருவிலும் கிடந்த பனிக்குள் இருந்த நீரைக் கணக்கிட்டால் பதினைந்து செ.மீ. மழைக்குச் சமம். பதினைந்து செ.மீ. மழை ஒரே நாளில் என்றால் என்ன என்று சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தப் புறநகர்களின் ஊடே பஃபலோ க்ரீக், கயூகா க்ரீக், கேசநோவியா க்ரீக் என்று மூன்று ஓடைகள் ஓடி ஒரே ஆற்றில் சேர்கின்றன. மாநில அரசு பம்புகளையும் மணல் மூட்டைகளையும் கொண்டுவந்து குவித்தது. அஞ்சு நாளாகப் பனியைத் தலைக்கு மேல் வீசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது பேஸ்மென்ட்டில் இறங்கி, துணி துவைக்கும் இயந்திரத்தையும் பழைய ஆல்பங்களையும் மாடிக்கு ஏற்றினார்கள். 24ஆம் தேதி திங்கட்கிழமை வெப்பம் 16 டிகிரியை நெருங்கியது, பலத்த காற்றும் அடித்தது. ஓடைகள் பெருகின, சில இடங்களில் வெள்ளமும் வந்தது. ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. பனிக்குவியலே ஒரு பஞ்சுபோல நீரை உறிஞ்சிவைத்து மெதுவாகத்தான் விட்டது.

இந்த வாரத்தை ஓர் அபூர்வம் என்று ஒதுக்கிவைக்க முடியாது. அதே மண்ணின் வேறு சில ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏரியின் நியாயம் புரியும். 2006 அக்டோபர் 12, 13. ஏரி அப்போது இன்னும் சூடாக இருந்தது. மரங்களில் இலை உதிர்ந்திருக்கவில்லை. ஒரே இரவில் 22.6 அங்குல ஈரப்பனி விழுந்தது. ஒவ்வொரு இலையும் ஒரு கைப்பிடிப் பனியைத் தாங்கிப் பார்த்தது. விடியும்வரை கிளைகள் முறியும் சத்தம் துப்பாக்கிச் சத்தம்போலக் கேட்டுக்கொண்டிருந்ததாக அந்த ஊரார் நினைவுகூர்கிறார்கள். தெருவோர நிழல்மரங்கள் ஆயிரக்கணக்கில் போயின.

1976-77 குளிர்காலம் இதற்கு நேர் எதிர். அந்த ஆண்டு ஏரி டிசம்பர் 14க்கே உறைந்துவிட்டது. உறைந்த ஏரியால் பனி தயாரிக்க முடியாது. ஆவிக்கு மூடி போட்டாயிற்று. ஜனவரி 28 அன்று வந்த புகழ்பெற்ற பனிப்புயலில் புதிதாக விழுந்த பனி ஒரு அடிதான். ஆனால் உறைந்த ஏரியின்மேல் ஆறு வாரமாகச் சேர்ந்து கிடந்த பழைய பனி முழுவதையும் காற்று வாரிக்கொண்டு வந்து நகரத்தின்மேல் கொட்டியது. 29 பேர் இறந்தார்கள். ஏரி திறந்திருந்தால் ஒரு வகை ஆபத்து, மூடியிருந்தால் இன்னொரு வகை.

ஈரி உறைவது இப்போது குறைந்து வருகிறது. 2014 மார்ச்சில் ஐந்து ஏரிகளின் பரப்பிலும் 92.5 விழுக்காடு உறைந்தது உண்மை. ஆனால் 1973 முதல் எடுத்த அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் போக்கு இறக்கத்தில்தான் இருக்கிறது. கோடைச் சூடு ஏரியில் கூடுதல் நாள் தங்குகிறது என்றால், ஆர்க்டிக் காற்று அதைச் சந்திக்கக் கூடுதல் நாள் கிடைக்கிறது. சந்திக்காமலும் போகலாம். 2015இல் பஃபலோவில் டிசம்பர் 18வரை அளவெடுக்கும்படி பனியே விழவில்லை. அதற்குமுன் முதற்பனி இவ்வளவு தாமதித்தது 1899இல், அதுவும் டிசம்பர் 3தான். ஏரி சூடாகத்தான் இருந்தது. மேலே வர வேண்டிய காற்று வரவில்லை. பூமி சூடாகிறதென்றால் பனி ஏன் என்று ஒவ்வொரு குளிர்காலமும் கேட்கிறவர்களை 2014, 2015 என்ற இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

புறநகர்களிலிருந்தும் நகரின் தென்பகுதியிலிருந்தும் வாரிய பனி கொட்டப்பட்ட இடங்களில் ஒன்று பஃபலோவின் சென்ட்ரல் டெர்மினல் அருகே. 1929இல் திறந்து 1979இல் ரயில்கள் நின்றுபோன பிரம்மாண்டமான நிலையம் அது. அங்கே எழுந்த பனிமேட்டின்மேல் மண்ணும் சருகும் குப்பையும் படிந்து ஓடுபோல இறுகின. வசந்தம் வந்தது, மேட்டின்மேல் புல் முளைத்தது. 2015 ஜூலையிலும் உள்ளே பனி உருகாமல் இருந்ததைச் செய்தியாளர்கள் வந்து படமெடுத்துப் போனார்கள்.

பிறகு 2022. நவம்பர் 17 தொடங்கி, அதே புறநகர்கள், ஏறக்குறைய அதே பட்டை. ஹாம்பர்க்கிலும் ஆர்ச்சர்ட் பார்க்கிலும் 80 அங்குலம். கால்பந்து ஆட்டம் மறுபடி டெட்ராய்ட்டுக்கே போனது. ஆனால் இந்தமுறை பனி வருவதற்கு முன்பே சுங்கச்சாலையை லாரிகளுக்கு மூடிவிட்டார்கள். 2014இன் முப்பது மணி நேரப் பேருந்து யாருக்கும் மறந்திருக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 23 அன்று, ஏரி இன்னும் உறையாமல் திறந்துகிடந்தபோது, பெருங்காற்றோடு அடுத்தது வந்தது. இந்தமுறை புறநகரோடு நிற்காமல் நகரத்துக்குள். ஈரி கவுண்டியில் 47 பேர் இறந்தார்கள். நகரத்துக்குள் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். சிலர் காருக்குள், சிலர் வெப்பமில்லாத வீட்டுக்குள், சிலர் தெருவில். புயல் கடுமையாக இருக்கும் என்று வானிலை அலுவலகம் நாட்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. வண்டி ஓட்டத் தடை நடப்புக்கு வந்தது 23ஆம் தேதி காலை 9.30க்கு. அதற்குள் அன்றாடக் கூலிக்கும் ஷிஃப்ட் வேலைக்கும் போக வேண்டியவர்கள் போய்விட்டிருந்தார்கள்.